வீட்டு ஜன்னல்களை மாற்றும்போது செலவைக் குறைப்பது எப்படி?

சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வரும் தை, மாசி மாதங்களில்தான் நமது பகுதி விவசாயிகள் வீட்டு வேலைகளைத் தொடங்குவது வழக்கம். வெள்ளாற்றங்கரையில் உள்ள சேத்தியாத்தோப்பையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் எடுத்துக்கொண்டால், ஓட்டு வீடானாலும் மாடி வீடானாலும் பெரும்பாலான வீடுகளில் மர ஜன்னல்களே உள்ளன. ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து, சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்து இவை பழுதடைகின்றன. கதவு மூடுவதில்லை, அடிச்சட்டம் உளுத்துவிட்டது, கரையான் ஏறிவிட்டது என்ற குறைகள் வந்தவுடன், "எல்லா ஜன்னலையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகின்றனர்.

இந்த முடிவு எளிதில் எடுக்கக்கூடியது அன்று. ஆறு ஜன்னல்களை ஒருசேர மாற்றும் செலவு, சிறு விவசாயி ஒருவர் அடுத்த பட்டத்திற்கு விதை, உரம், நடவுக் கூலி ஆகியவற்றிற்கென ஒதுக்கி வைத்த தொகையை விழுங்கிவிடக் கூடும். வீட்டு வேலையில் கைப்பணம் கரைந்தபின், உரத்திற்குக் கைமாற்று வாங்கி வட்டி கட்டுவோர் உண்டு. பயிர்க்கடனாக வாங்கிய பணத்தை வீட்டு வேலைக்குத் திருப்பிவிட்டு, மேலுரம் இடவேண்டிய தருணத்தில் கையைப் பிசைவோரும் உண்டு.

பயிரில் இலை மஞ்சளானால் உடனே யூரியா வாங்க ஓடுவதில்லை. தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, வேரில் தண்ணீர் தேங்கியதா என்று பார்த்த பிறகே செலவு செய்கிறோம். ஜன்னலுக்கும் அதே முறைதான். கெட்டது எது, ஏன் கெட்டது என்று கண்டு, கெட்டதை மட்டும் மாற்றினால் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும். அதற்கான வழிமுறைகளை இக்கட்டுரையில் காண்போம். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்திற்கு மாதம் மாறுவதால் இங்கு அளவுகளும் கணக்குகளும் மட்டுமே தரப்பட்டுள்ளன. அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

கெட்டது எது?

ஜன்னல் என்பது ஒரே பொருள் அன்று. சுவரில் பதிந்த நிலை, அதில் ஆடும் கதவு, குறுக்கே நிற்கும் கம்பி, கீல், தாழ்ப்பாள், கொக்கி ஆகிய சாமான்கள் என நான்கு பகுதிகள் அதில் உண்டு. நான்கும் ஒரே நேரத்தில் கெடுவது அரிது. ஒரு திருப்புளியும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக் கீழ்க்கண்டவாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

1. கதவு தொங்கி, அடியில் உரசுகிறது: மேல் கீலின் திருகாணி தளர்ந்திருக்கும். பழைய துளைகளில் பசை தடவிய மரக் குச்சிகளை அடித்து அடைத்து, சற்று நீளமான திருகாணி போட்டால் போதும்.

2. மழைக்காலத்தில் மட்டும் கதவு மூடுவதில்லை: மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. வெயில் காலத்தில் தானே சரியாகும். மழையில் இறுகும்போது அவசரப்பட்டு இழைத்துவிட்டால் கோடையில் இடைவெளி விழும். கோடையில் கழற்றி, மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும். பெரும்பாலான கதவுகளில் இந்த இரு விளிம்புகளும் பெயிண்ட் இல்லாமல் விடப்பட்டிருக்கும். ஈரம் அங்கேதான் ஏறுகிறது.

3. கதவு உளுத்திருக்கிறது, நிலை நன்றாக உள்ளது: கதவை மட்டும் மாற்றினால் போதும். பழைய மர நிலையிலேயே புதிய மரக் கதவையோ அலுமினியக் கதவையோ பொருத்தலாம்.

4. நிலையின் அடிப்பகுதி மட்டும் மெத்தென்றிருக்கிறது: திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். கீழிருந்து ஓர் அடிக்குள் மட்டும் எளிதாக இறங்கி, அதற்கு மேல் கெட்டியாக இருந்தால், கெட்ட துண்டை அறுத்தெடுத்து அதே அளவுள்ள வைரம் பாய்ந்த மரத்தைச் சாய்வெட்டில் ஒட்டுப்போட்டுத் திருகாணியால் இறுக்கலாம். அனுபவமுள்ள தச்சர்கள் நிலையைச் சுவரிலிருந்து பெயர்க்காமலே இதைச் செய்வர்.

5. நிலை முழுவதும் உளுத்திருக்கிறது அல்லது கோணலாகிவிட்டது: இந்த ஒரு வகைக்கு மட்டுமே முழு ஜன்னலையும் மாற்றுவது அவசியம்.

நிலையைப் பெயர்த்தால் சுவரும் பெயரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கொத்தனார் கூலி, சிமெண்ட், மீண்டும் பூச்சு, சுண்ணாம்பு அல்லது பெயிண்ட் ஆகிய செலவுகள் ஜன்னல் விலைக்கு மேல் வந்து சேரும். விலை கேட்கும்போது கடைக்காரர் இவற்றைச் சொல்வதில்லை. எனவே நிலையைக் காப்பாற்ற முடியுமானால் காப்பாற்றுவதே முதல் சிக்கனம்.

ஏன் கெட்டது?

காரணத்தை நீக்காமல் புதிய ஜன்னல் வைத்தால் அதுவும் சில ஆண்டுகளில் அதே இடத்தில் கெடும். காரணங்கள் பெரும்பாலும் இரண்டே.

முதலாவது தண்ணீர். ஜன்னலுக்கு மேல் உள்ள சன்ஷேடின் அடியில், வெளி விளிம்பை ஒட்டி ஒரு சிறு பள்ளக் கோடு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மழைநீர் அடிப்புறமாக ஊர்ந்து சுவருக்கு வந்து நிலையை நனைக்கும். அதேபோல ஜன்னலின் அடித்திண்டு வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். உட்புறம் சாய்ந்திருந்தால் தண்ணீர் அடிச்சட்டத்தில் தேங்கும். இவ்விரண்டையும் ஒரு கொத்தனார் அரை நாளில் சரிசெய்துவிடுவார்.

இரண்டாவது கரையான். சுவரிலோ நிலையின் ஓரத்திலோ மண் வரி தெரிந்தால், அது தரையிலிருந்து வருகிறது என்று பொருள். நிலையை மட்டும் மாற்றினால் புதிய மரத்திற்கும் அதே வழியில் ஏறிவிடும். மண் வரியைப் பின்தொடர்ந்து, அது தரையில் தொடங்கும் இடத்தில் கட்டடக் கரையானுக்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்தைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு இட வேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டினுள் தெளிக்கவே கூடாது.

எத்தனை ஜன்னல் தேவை?

பழுதான ஜன்னல் அத்தனையும் தேவைதானா என்பதையும் பார்க்க வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் அறைத் தரையின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் திறப்பு வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. 10 அடிக்கு 12 அடி அறையின் பரப்பு 120 சதுர அடி. அதற்கு 20 சதுர அடித் திறப்பு போதும். அதாவது 3 அடிக்கு 3½ அடி அளவில் இரண்டு ஜன்னல்கள் எதிரெதிர்ச் சுவரில் இருந்தால் காற்றோட்டம் நன்றாக இருக்கும். மூன்றாவதாக ஒன்று கெட்டிருந்தால், அதைச் செங்கல் கொண்டு அடைத்துவிடலாம்.

மாட்டுக் கொட்டகை, சாமான் அறை, சமையலறையின் மேற்புறம் ஆகிய இடங்களில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய துளைச் சுவரே போதும். கேரளத்தில் பல ஆயிரம் பேருக்குச் சிக்கன வீடுகளை அறிமுகப்படுத்திய கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இத்தகைய துளைச் சுவர்களை நிறையப் பயன்படுத்தினார். நிலையே இல்லாத ஜன்னலையும் அவர் செய்து காட்டினார். ஒரு குறுகிய கெட்டிப் பலகையின் மேலும் கீழும் முளை வைத்து, சுவரில் உள்ள இரு குழிகளில் சுழலும்படி நிறுத்துவதே அம்முறை. நிலை, கீல், கம்பி எதுவும் அதற்குத் தேவையில்லை. களத்து வீட்டிற்கும் பம்புசெட் அறைக்கும் இது மிகவும் ஏற்றது.

எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது?

மரம்: பழுது பார்க்க எளிது. உள்ளூர்த் தச்சரே செய்துவிடுவார். பெயிண்ட் அடித்துப் பராமரித்தால் ஒரு தலைமுறைக்கு மேல் உழைக்கும்.

கான்கிரீட் நிலை: கரையான், உளுப்பு இரண்டும் இல்லை. மர நிலையைவிட விலை குறைவு. வாங்கும்போது வெடிப்பு, துருக்கறை உள்ளதா என்று பார்க்க வேண்டும். வார்த்து எத்தனை நாள் தண்ணீரில் ஊறியது என்று கேட்க வேண்டும். கீல் பொருத்துவதற்கான இடங்களை வார்க்கும்போதே வைத்திருக்க வேண்டும். பின்னால் துளைத்தால் ஓரம் உடையும்.

இரும்பு ஜன்னல்: உறுதியானது, மலிவானது. ஆனால் கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் விரைவில் துருப்பிடிக்கும். சேத்தியாத்தோப்பு போன்று உள்ளடங்கிய ஊர்களில் சிவப்பு ஆக்சைடு பிரைமரும் இரு கை பெயிண்ட்டும் அடித்துப் பயன்படுத்தலாம்.

அலுமினியம், யு.பி.வி.சி.: கரையானும் துருவும் அண்டாது. பெயிண்ட் செலவு இல்லை. முதல் விலை அதிகம். பக்கவாட்டில் நகரும் கதவு வகையில் எப்போதும் பாதித் திறப்பே கிடைக்கும் என்பதை வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும். காற்றை நம்பி வாழும் நமது வீடுகளுக்கு வெளிப்புறம் திறக்கும் வகையே நல்லது.

மரத்தூள் பலகையும், தண்ணீர் தாங்காத சாதாரண பிளைவுட்டும் ஜன்னலுக்கு ஏற்றவை அல்ல. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தில் பெய்த பெருமழையைப் போல ஒன்று வந்து தண்ணீர் ஏறினால் இவை உப்பிப் பிரிந்துவிடும்.

சொந்த மரம் இருந்தால்

வரப்பிலும் கொல்லையிலும் முதிர்ந்து நிற்கும் வேம்பு, பூவரசு, பலா, தேக்கு ஆகியவை ஜன்னலுக்கு நல்ல மரங்கள். கருவேலம் மிக உறுதியானது. ஆனால் துளையிட்ட பிறகே திருகாணி போட வேண்டும். மாவும் இலவும் உளுத்துவிடும். சவுக்கும் தைல மரமும் வெடித்தும் முறுக்கியும் போகும். தேக்கு போன்றவற்றை வெட்டுமுன், அனுமதி தேவையா என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

மரத்தின் அளவை விவசாயியே கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். உருட்டு மரத்தின் நடுவில் கயிற்றால் சுற்றளவு எடுத்து, அக்கயிற்றை நான்காக மடிக்க வேண்டும். மடித்த அளவை அதே அளவால் பெருக்கி, பிறகு மரத்தின் நீளத்தால் பெருக்கினால் கன அடி வரும். நடுச் சுற்றளவு 4 அடி, நீளம் 8 அடி என்றால் 1 × 1 × 8 = 8 கன அடி. இதே மரத்தின் நுனிப் பக்கச் சுற்றளவு 3½ அடி என்று வைத்துக்கொள்வோம். அங்கே அளந்தால் 6 கன அடிதான் வரும். மரம் விற்கும்போது நுனியில் அளக்கவிட்டால் ஏறத்தாழ 2 கன அடி விவசாயிக்கு நட்டம். வாங்கும்போதோ அடிமரத்தில் அளக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறுவை மில்லில் பட்டை, வெள்ளைப் பகுதி, ரம்பத்தூள் ஆகியவை போக, மேற்கண்ட 8 கன அடியில் பாதிக்குச் சற்று மேல் நல்ல சட்டம் கிடைத்தால் திருப்தி அடையலாம்.

பச்சை மரத்தில் செய்த ஜன்னல் ஆறு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். அறுத்த சட்டங்களைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், இடையிடையே அங்குலக் குச்சிகளை வைத்து, நிழலில் அடுக்க வேண்டும். முனைகளில் பழைய பெயிண்ட்டைப் பூசினால் வெடிப்பு குறையும். ஓர் அங்குலப் பலகைக்குக் குறைந்தது 3 மாதமும், 2½ அங்குலச் சட்டத்திற்குக் குறைந்தது 6 மாதமும் தேவை. காய்ந்ததா என்று அறிய, ஒரு துண்டை வாரம் ஒருமுறை எடை போட வேண்டும். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் காய்ந்துவிட்டது.

வெள்ளைப் பகுதி சிறிது கலந்திருந்தால் அதற்கு மருந்தேற்றலாம். 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெண்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, அறுத்த மரத்தை அதில் முக்கி எடுத்துக் காயவைக்க வேண்டும். கையுறை அணிவதும், கரைசலைக் குழந்தைகளும் கால்நடைகளும் அண்டாமல் வைப்பதும் அவசியம். மழை நேராகப் பட்டால் இம்மருந்து கரைந்துவிடுமாதலால் மேலே பெயிண்ட் அடிக்க வேண்டும். சுவரில் பதியும் பக்கங்களுக்கு நமது மாவட்டத்துப் பண்ருட்டிப் பகுதியில் கிடைக்கும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைப் பூசலாம். கரையானைத் தடுப்பதில் இது பழங்காலந்தொட்டுப் பெயர் பெற்றது. தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும் என்பதால் எச்சரிக்கை தேவை.

அளவில் மறைந்திருக்கும் பணம்

நடுச்சட்டம் உள்ள 3 அடிக்கு 4 அடி ஜன்னல் நிலைக்கு 18 அடி நீளச் சட்டம் தேவைப்படும். அதன் கன அளவு, சட்டத்தின் பருமனைப் பொறுத்துக் கீழ்க்கண்டவாறு மாறுகிறது.

5 அங்குலம் × 3 அங்குலம்: 1.88 கன அடி
4 அங்குலம் × 3 அங்குலம்: 1.50 கன அடி
4 அங்குலம் × 2½ அங்குலம்: 1.25 கன அடி

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டைக் கதவு வைப்போருக்குத்தான் 5 அங்குல அகலம் தேவை. ஒற்றைக் கதவுக்கு 4 × 2½ போதும். இதனால் மரத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது.

கம்பியை எடைக்கு வாங்குகிறோம். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ. 10 மில்லிமீட்டர் சதுரக் கம்பி 0.785 கிலோ. 4 அடி நீளத்தில் 6 கம்பிகள் போட்டால் முதலாவதற்கு 8.3 கிலோவும், இரண்டாவதற்கு 5.7 கிலோவும் ஆகும். நடுவில் ஒரு குறுக்குப் பட்டை வைத்து 10 மில்லிமீட்டர் கம்பி போட்டால் வளையாது. ஆறு ஜன்னலுக்கு 15 கிலோ இரும்பு மிச்சம்.

அலுமினியமும் யு.பி.வி.சி.யும் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகின்றன. திறப்பு 2 அடி 10 அங்குலத்திற்கு 3 அடி 10 அங்குலம் என்றால் உண்மைப் பரப்பு 10.86 சதுர அடி. இதை 3 × 4 என்று முழுதாக்கி 12 சதுர அடிக்குப் பட்டியல் போட்டால், ஆறு ஜன்னலில் ஏறத்தாழ 7 சதுர அடிக்கு வீணாகப் பணம் கொடுக்கிறோம். எனவே உண்மை அளவுக்கே பணம் என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

அளவெடுக்கும்போது அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடங்களிலும் எடுத்து, அவற்றில் சிறியதையே கொள்ள வேண்டும். பழைய சுவர்களில் நான்கைந்து நூல் வித்தியாசம் சாதாரணம். பெரிய அளவைக் கொடுத்துவிட்டால் வந்த ஜன்னல் நுழையாமல் சுவரை உடைக்க நேரிடும்.

பழைய ஜன்னல் வாங்கலாமா?

வாங்கலாம். காரைக்குடிப் பகுதியில் இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் மரச் சாமான்கள் விற்கும் கடைகள் பெயர் பெற்றவை. பிற ஊர்களிலும் வீடு இடிப்பவர்களிடம் நல்ல நிலைகள் கிடைக்கும். பல்லாண்டு காய்ந்த மரமாதலால் முறுக்காது. பர்மா தேக்கு என்றால் மேலும் நல்லது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியதிலிருந்து பழைய பர்மா தேக்குக்கு மதிப்பு கூடியுள்ளது. பெயரைக் கேட்டு ஏமாறாமல், பெயிண்ட் இல்லாத இடத்தில் சிறிது சுரண்டி மரத்தைத் தச்சரிடம் காட்டுவது நல்லது. மூலைப் பொருத்து, அடிச்சட்டம் ஆகிய இரண்டையும் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். நுண்ணிய துளைகளும் அவற்றிலிருந்து உதிரும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் அம்மரத்தை வீட்டிற்குள் கொண்டுவரக் கூடாது.

பழைய பெயிண்ட்டை உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயிண்ட்டுகளில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளைக் கூட்டி அள்ளி அகற்ற வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

சிக்கனம் கூடாத இடங்கள்

2011 டிசம்பர் 30-ஆம் நாள் காலை கடலூர் அருகே கரையைக் கடந்த தானே புயலை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில் முந்திரியும் பலாவும் பெருமளவில் சாய்ந்தன. அத்தகைய காற்று ஒரு ஜன்னலை எவ்வளவு தள்ளும் என்பதைக் கணக்கிடலாம். 140 கிலோமீட்டர் வேகத்தில் 3 அடிக்கு 4 அடி ஜன்னலின் மேல் விழும் அழுத்தம் சுமார் 100 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடைபோடும் 40 கிலோ சிப்பம் இரண்டரை அந்தக் கதவின் மேல் சாய்ந்ததற்குச் சமம். உள்ளடங்கிய ஊர்களில் காற்றின் வேகம் குறையும். வேகம் பாதியானால் அழுத்தம் கால் பங்காகும்.

காற்று வீசும் பக்கத்து ஜன்னல் பெயர்ந்துவிட்டால், உள்ளே புகும் காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும். ஓடும் சிமெண்ட் தகடும் பறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே கீழ்க்கண்டவற்றில் பணத்தைக் குறைக்கக் கூடாது.

1. நிலையைச் சுவரில் பிடித்து நிறுத்தும் ஹோல்டுபாஸ்ட். பக்கத்திற்கு இரண்டாக நான்கு வேண்டும். அவற்றைச் சுற்றிக் கான்கிரீட் இட வேண்டும்.
2. கீல்கள். ஒரு கதவுக்கு மூன்று. ஆணி அடிக்காமல் திருகாணியே போட வேண்டும்.
3. தாழ்ப்பாள். மேலும் கீழும் ஒன்று. அதன் கம்பி நிலைக்குள் குறைந்தது அரை அங்குலமாவது இறங்க வேண்டும்.

இவை மூன்றும் மொத்தச் செலவில் சிறு பகுதியே. ஆனால் கூரையைக் காப்பவை இவை.

விதை வைக்கும் அறை

விதை நெல்லும் உளுந்தும் வைக்கும் அறையின் ஜன்னலுக்குக் கண்ணாடியோ அலங்காரமோ தேவையில்லை. கால் அங்குலத்திற்கு மேற்படாத கண்ணுள்ள கம்பி வலை ஒன்றைச் சட்டத்தோடு சேர்த்து அடித்தால் சுண்டெலியும் நுழையாது. வெளியே நன்கு மூடும் ஒரு பலகைக் கதவு வேண்டும். வறண்ட நாட்களில் திறந்தும், மழை நாட்களிலும் பனி இரவுகளிலும் மூடியும் வைத்தால், 13 சதவீத ஈரத்திற்குக் காயவைத்த விதை நெல் மீண்டும் ஈரத்தை ஏற்காது.

விலை பேசும் முறை

சிதம்பரம், விருத்தாசலம், நெய்வேலி என மூன்று இடங்களில் விலை கேட்க வேண்டும். மூன்று இடங்களிலும் ஒரே விவரத்தைக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். மரத்தின் வகை, சட்டத்தின் பருமன், கம்பியின் அளவு, கண்ணாடியின் கனம், கொசுவலை உண்டா, வண்டிக் கூலி, பொருத்தும் கூலி, வரி ஆகிய அனைத்தும் சேர்ந்த விலையை எழுத்தில் வாங்க வேண்டும். ஒரே தெருவில் நான்கைந்து வீட்டார் சேர்ந்து வாங்கினால் வண்டிக் கூலி பங்காகும், விலையும் படியும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் தரக் கூடாது. பொருத்தியபின் வெளியிலிருந்து இரண்டு குடம் தண்ணீரை வீசி ஊற்றி, உள்ளே கசியவில்லை என்று கண்ட பிறகே கடைசிப் பணத்தைத் தர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஆறு ஜன்னல் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பார்வையிட்டதில் இரண்டுக்குக் கீல் மட்டும், இரண்டுக்குக் கதவு மட்டும், ஒன்றுக்கு அடிச்சட்டமும் இரு பக்க ஒட்டும், ஒன்றுக்கு மட்டும் முழு நிலையும் தேவை என்று தெரிகிறது.

எல்லாவற்றையும் 5 × 3 சட்டத்தில் புதிதாகச் செய்தால் நிலைக்கு மட்டும் 11¼ கன அடி மரம் வேண்டும். கெட்டதை மட்டும் மாற்றினால், முழு நிலை ஒன்றுக்கு 4 × 2½ சட்டத்தில் 1¼ கன அடி. 4 × 3 அளவுள்ள பழைய நிலையின் ஒட்டு வேலைக்கு 0.38 கன அடி. ஆக மொத்தம் சுமார் 1.6 கன அடி போதும். மரச் செலவு ஏழில் ஒரு பங்காகிறது. ஆறு இடங்களில் சுவரை உடைப்பதற்குப் பதில் ஓர் இடத்தில் உடைத்தால் போதும். மிச்சமாகும் பணத்தில் எல்லா ஜன்னல்களுக்கும் நல்ல கீலும் தாழ்ப்பாளும் போட்டு, பெயிண்ட்டும் அடித்துவிடலாம்.

எப்போது செய்வது?

தை, மாசியில் பார்வையிட்டு, சொந்த மரம் இருந்தால் அப்போதே அறுத்து அடுக்கிவிட வேண்டும். நெல் தரிசு உளுந்து அறுவடை முடிந்த சித்திரை, வைகாசியில் ஒட்டு வேலைகளையும் பெயிண்ட்டையும் முடிக்கலாம். காய்ந்த சட்டத்தில் செய்யும் முழு ஜன்னலை ஆவணியில் பொருத்தலாம். புரட்டாசிக்குள் வேலை முடிந்துவிட வேண்டும். புயலுக்குப் பிறகு தச்சரும் கிடைப்பதில்லை, மரமும் விலை ஏறிவிடும். அச்சமயத்தில் சாய்ந்த பலா, வேம்பு ஆகியவற்றை விறகு விலைக்குத் தள்ளிவிடாமல், மேற்கண்டவாறு அளந்து அறுத்து வைத்தால் அடுத்த பத்தாண்டுக்கான சட்டங்கள் வீட்டிலேயே இருக்கும்.

எனவே விவசாயப் பெருமக்கள் ஜன்னல் வாங்கக் கடைக்குப் புறப்படுமுன், ஒரு காலைப்பொழுதை ஒதுக்கித் திருப்புளியுடன் வீட்டைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். அந்த ஒரு காலைப்பொழுது, அடுத்த சம்பாவிற்கு வேண்டிய பணத்தைக் கையிலேயே நிறுத்தும்.